பக்கத்தின் அளவு

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், இலை போட்டு உட்காரும் நேரத்தில், என் தங்கை மகனுக்குப் போன் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. வாசல் பக்கம் போனவன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. முகம் வாடியிருந்தது.

"என்னடா, வேலைக்கு ஏதாவது ஆபத்தா?" என்றேன்.

"டேட்டாபேஸ் மெஷின் மூச்சு முட்டி நிக்குது மாமா. நேத்து ராத்திரி நான்தான் ஹியூஜ் பேஜ் செட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன். 16,384 பக்கம். கணக்கு சரியாத்தான் இருக்கு. காலையில நல்லா ஓடுச்சு, இப்ப படுத்துடுச்சு."

பக்கம் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. சர்வீஸ் முழுக்கப் பக்கங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். பதிவேட்டுப் பக்கம், பேரேட்டுப் பக்கம், கோப்பில் குறிப்புப் பக்கம், கடிதப் பக்கம். கம்ப்யூட்டருக்குள்ளும் பக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கொஞ்சம் சொன்னான். மீதியை அடுத்த இரண்டு மாதம் நானே உட்கார்ந்து படித்தேன். அவன் கணக்கில் எங்கே பிசகு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பக்கத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் எங்கள் ஊர் விஷயம் ஒன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை 'எத்தா சிவில்' என்போம். நான் சில வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தவன். பிரெஞ்சு குடியுரிமைக்கும் பென்ஷனுக்கும் தாத்தாவின் பிறப்புச் சான்று கேட்டு ஜனங்கள் வருவார்கள். வருஷம் சரியாகத் தெரியாது. முதலில் பத்தாண்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும். 'தாப்ல் தெசெனால்' என்று அதற்குப் பெயர். அது எந்த வருஷம் என்று சொல்லும். பிறகு அந்த வருஷத்துப் பதிவேட்டின் அட்டவணை, அது பதிவு எண்ணைச் சொல்லும். பிறகுதான் அந்த ஏட்டைப் புரட்ட வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் எண்களை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பேன். சீட்டில் இருந்தால் ஒரு நிமிஷம். இல்லாவிட்டால் மூன்று இடத்தில் தூசு தட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் நினைவகமும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய இடத்தை ஓர் எண் சொல்லிக் கேட்கிறது. அந்த எண் உண்மையான இடத்தின் எண் அல்ல. உண்மையில் அது எங்கே இருக்கிறது என்பதை அட்டவணை பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணை போட்டால் அட்டவணையே நினைவகத்தைத் தின்றுவிடும். ஆகவே நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு வரி எழுதுகிறார்கள். அந்தத் துண்டுதான் பக்கம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த என் சீட்டுகளுக்கு இணையாகப் பிராசசருக்குள் இருப்பதை டி.எல்.பி. என்கிறார்கள். 

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார். டாம் கில்பர்ன் தலைமையில், ஃபெரான்டி கம்பெனியோடு சேர்ந்து 'அட்லஸ்' என்ற எந்திரத்தைக் கட்டினார்கள். தொடங்கி வைத்த நாள் 1962 டிசம்பர் 7. அந்த வருஷம் ஆகஸ்ட் 16ல்தான் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. நான் அப்போது பிரெஞ்சு வகுப்பில் வினைச்சொல் ஒப்பித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையன்.

அட்லஸில் வேகமான நினைவகம் 16 ஆயிரம் சொற்கள். மெதுவாகச் சுழலும் டிரம்மில் 96 ஆயிரம் சொற்கள். இரண்டையும் ஒரே கிடங்காகப் புரோகிராம் எழுதுபவர் பாவிக்கும்படி செய்ததுதான் கில்பர்ன் குழுவின் சாதனை. எது உள்ளே, எது டிரம்மில் என்ற கவலை அவருக்கு வேண்டாம், எந்திரமே பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று பழக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற புரோகிராம்கூட அதில் இருந்தது. எந்தப் பதிவேட்டை மேசையில் வைத்துக்கொள்வது, எதை அலமாரிக்கு அனுப்புவது என்று ரெக்கார்டு கீப்பர் செய்கிற அதே வேலை.

அட்லஸின் ஒரு பக்கம் 512 சொற்கள். ஒரு சொல் 48 பிட். இன்றைய கணக்கில் பக்கத்துக்கு 3,072 பைட். உள் நினைவகத்தில் மொத்தம் 32 பக்கங்கள்தான். அந்த 32 பக்கங்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு வன்பொருளிலேயே இருந்தது. அதாவது மேசைச் சீட்டு முழு நினைவகத்தையும் மூடியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வந்த தொல்லையெல்லாம் இந்த ஒரு சௌகரியம் போனதால் வந்தது.

பக்கத்தின் அளவு எவ்வளவு இருக்கலாம் என்பதில் ஒரு பேரம் உண்டு. சின்னதாக வைத்தால் வீண் குறைவு, அட்டவணை நீளம். பெரிதாக வைத்தால் அட்டவணை குறுகும், வீண் அதிகம். நாலு வரிக் கடிதத்துக்கு முழு நோட்டுப் புத்தகம் கொடுத்த கதையாகும். நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில் எல்லோரும் சின்னப் பக்கத்தின் பக்கமே சாய்ந்தார்கள். 1977ல் வந்த டிஜிட்டல் கம்பெனியின் வாக்ஸ் எந்திரத்தில் பக்கம் வெறும் 512 பைட். ஐ.பி.எம்.மின் 370 வரிசையில் 2 அல்லது 4 கிலோபைட்.

1985ல் இன்டெல் 80386 பிராசசரை வெளியிட்டது. பக்கம் 4 கிலோபைட் என்று வைத்தார்கள். இரண்டு அடுக்கு அட்டவணை. மேல் அட்டவணையில் 1,024 வரி. ஒவ்வொரு வரியும் ஒரு கீழ் அட்டவணையைக் காட்டும். அதிலும் 1,024 வரி. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைக் காட்டும். பெருக்கினால் 4 ஜிகாபைட் வரும். மேசைச் சீட்டு எத்தனை தெரியுமா? 32. மான்செஸ்டரில் இருந்த அதே எண்ணிக்கை. ஆனால் இங்கே 32 சீட்டு மூடியது 128 கிலோபைட்டை மட்டும். அன்றைக்கு ஒரு மெகாபைட், இரண்டு மெகாபைட் நினைவகம் இருந்த மெஷினுக்கு அது பரவாயில்லை. 1991ல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலை எழுதத் தொடங்கியது இந்த 386 மெஷினில்தான். அந்த 4 கிலோபைட் பக்கம் அப்படியே லினக்ஸுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு நினைவகம் மலிந்துகொண்டே போனது. அட்லஸின் உள் நினைவகம் இன்றைய கணக்கில் 96 கிலோபைட். என் மருமகன் அழுதுகொண்டிருந்த மெஷினில் 64 ஜிகாபைட். சுமார் 7 லட்சம் மடங்கு. பக்கமோ 3 கிலோபைட்டிலிருந்து 4 கிலோபைட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. சீட்டுகளின் எண்ணிக்கை கூடியது உண்மைதான். 2015ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசசரின் இரண்டாம் நிலை டி.எல்.பி.யில் 1,536 சீட்டு. 4 கிலோபைட் பக்கமென்றால் அத்தனையும் சேர்ந்து மூடுவது 6 மெகாபைட். 64 ஜிகாபைட்டில் 6 மெகாபைட்! சீட்டில் இல்லாத ஒவ்வொரு முறையும் அட்டவணை அடுக்கடுக்காகப் புரட்ட வேண்டும். 64 பிட் பிராசசர்களில் இரண்டு அடுக்கு நாலு அடுக்காகிவிட்டது.

அப்படியானால் பக்கத்தின் அளவையே மாற்றிவிடலாமே என்று நானும் கேட்டேன். அரசாங்க ஆபீசில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியும். மூல விதியில் கை வைத்தால் அதை நம்பி எழுதிய ஆயிரம் காரியங்கள் கெடும். எத்தனையோ புரோகிராம்கள் பக்கம் 4 கிலோபைட்தான் என்று நம்பிக்கொண்டு எழுதப்பட்டவை. அதனால் விதி அப்படியே இருக்கட்டும், விலக்குக்குத் தனியாக ஓர் அரசாணை போடுவோம் என்றார்கள். பிரெஞ்சில் பைட்டுக்கு 'ஒக்தே' என்று பெயர். பாரிசிலிருந்து உறவுக்காரர் கொண்டு வந்த லேப்டாப் பெட்டியில் '8 ஜி.ஓ.' என்று போட்டிருந்தது, ஜிகா ஒக்தே என்பதன் சுருக்கம். எனக்கு ஜி.ஓ. என்றால் அரசாணைதான் கண்ணில் படும். இங்கே இரண்டு ஜி.ஓ.வும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

முதல் விலக்கு 1993ல் பென்டியம் பிராசசரில் வந்தது. யோசனை எளிது. கீழ் அட்டவணையில் உள்ள 1,024 வரியும் அடுத்தடுத்த இடங்களையே காட்டுவதாக இருந்தால், அந்த அட்டவணையே எதற்கு? மேல் அட்டவணையிலேயே 'இந்த 4 மெகாபைட் முழுவதும் ஒரே பக்கம்' என்று குறித்துவிடலாம். வருஷத்துப் பதிவேடு முழுவதையும் கேட்பவருக்குப் பதிவு எண் பார்க்காமல் புத்தகத்தையே எடுத்துக் கொடுப்பது போல. வேடிக்கை என்னவென்றால், இன்டெல் இதன் விவரத்தைக் கையேட்டில் அச்சிடவில்லை. 'பிற்சேர்க்கை எச்' பார்க்கவும் என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பிற்சேர்க்கை இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். அடுத்து வந்த பென்டியம் புரோ காலத்தில்தான் எல்லோருக்கும் அச்சில் கிடைத்தது. இரகசியச் சுற்றறிக்கை நம் ஆபீசுக்கு மட்டும் சொந்தமில்லை போலும். 64 பிட் பிராசசர்களில் ஓர் அட்டவணைக்கு 512 வரி. ஆகவே பெரிய பக்கம் 2 மெகாபைட். அதற்கும் மேலே ஓர் அடுக்கில் நிறுத்தினால் 1 ஜிகாபைட்.

பிராசசர் இடம் கொடுத்தால் போதாது, கர்னலும் கொடுக்க வேண்டும். லினக்ஸில் இதற்கான ஏற்பாடு 2002ல் சோதனை வரிசையில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பின் மூலம் எல்லோர் கைக்கும் வந்தது. முறை இதுதான்: எத்தனை பெரிய பக்கம் வேண்டும் என்று நிர்வாகி ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். கர்னல் அத்தனையை ஒதுக்கி வைக்கும். மெஷின் கிளம்பும்போதே எழுதி வைப்பது உத்தமம். காரணம், 2 மெகாபைட் பக்கத்துக்கு 512 சின்னப் பக்கங்களின் இடம் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக வேண்டும். மெஷின் சில நாள் ஓடிவிட்டால் அலமாரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காலி இடம் இருக்கும். மொத்தம் நிறைய, சேர்ந்தாற்போல் எதுவும் இல்லை. இப்படி ஒதுக்கியதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், டிஸ்கிற்கும் அனுப்ப மாட்டார்கள்.

டேட்டாபேஸ்காரர்களுக்கு இது ஏன் அவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். டேட்டாபேஸ் 32 ஜிகாபைட் நினைவகத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். சின்னப் பக்கமென்றால் 83,88,608 பக்கம். வரிக்கு 8 பைட் வீதம் அட்டவணை மட்டும் 64 மெகாபைட். பல டேட்டாபேஸ்களில் இணைந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனி புரோசஸ், தனி அட்டவணை. 200 பேர் இணைந்து எல்லோரும் முழுவதையும் தொட்டால் அட்டவணைகள் மட்டும் 12,800 மெகாபைட். புத்தகத்தைவிட அட்டவணைக்கு அலமாரி தேடும் நிலைமை. பெரிய பக்கமென்றால் 16,384 பக்கம். ஆளுக்கு 128 கிலோபைட். 200 பேருக்கும் 25 மெகாபைட்டில் காரியம் முடிந்தது. அந்த ஸ்கைலேக்கின் 1,536 சீட்டும் இப்போது 6 மெகாபைட்டுக்குப் பதில் 3 ஜிகாபைட்டை மூடும்.

இத்தனை லாபத்தை நிர்வாகி எண் எழுதினால்தான் தருவேன் என்பது சரியா என்ற கேள்வி வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ் பல்கலைக்கழகத்தார் நாலு பேர், நவாரோ, ஐயர், ட்ருஷெல், காக்ஸ் என்பவர்கள், யாரும் கேட்காமலே கர்னல் தானாகப் பெரிய பக்கம் கொடுக்க முடியும் என்று ஃப்ரீபி.எஸ்.டி. இயங்குதளத்தில் செய்து காட்டி 2002ல் கட்டுரை எழுதினார்கள். லினக்ஸுக்கு அதே எண்ணம் வர முதலில் அலமாரியை ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. அயர்லாந்துக்காரர் மெல் கோர்மன் நகர்த்தக்கூடிய பக்கங்களையும் நகர்த்த முடியாதவற்றையும் தனித்தனியே அடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 2008ல் வந்த பதிப்பில் அது சேர்ந்தது. 2010ல் பக்கங்களை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி இடம் உண்டாக்கும் வேலையும் சேர்ந்தது. 2011 மார்ச்சில் இத்தாலியரான ஆண்ட்ரியா ஆர்காஞ்செலியின் தானியங்கிப் பெரிய பக்கம் 2.6.38 பதிப்பில் வந்தது. அதற்கு மூன்று நிலை உண்டு: எப்போதும், கேட்டால் மட்டும், ஒருபோதும் வேண்டாம்.

நல்ல காரியம்தான். ஆனால் ஜனங்கள் சந்தோஷப்படவில்லை. ஆரக்கிள், மோங்கோடி.பி., ரெடிஸ் எல்லாம் தங்கள் பயனர்களுக்கு 'இதை நிறுத்தி வையுங்கள்' என்று அறிவுரை எழுதின. வேலை நடுவே கர்னல் அலமாரியைத் தள்ளி அடுக்க ஆரம்பித்தால் கவுண்டரில் நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதானே! ரெடிஸுக்கு இன்னொரு கஷ்டம். அது தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒன்று சேமிக்கும், ஒன்று வேலை பார்க்கும். இருவருக்கும் பொதுவான பக்கத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். முன்பு 4 கிலோபைட் நகல், இப்போது 2 மெகாபைட் நகல். ஒரு வரித் திருத்தத்துக்கு முழுப் பதிவேட்டையும் கைப்பட எழுதுவது போல. இதே ஆரக்கிள், நிர்வாகி கைப்பட எண் எழுதி ஒதுக்கும் பழைய முறையைச் சிபாரிசும் செய்கிறது. பெரிய பக்கம் வேண்டும், ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை மனிதன் முன்கூட்டித் தீர்மானிக்கட்டும் என்கிறார்கள்.

அந்த மனிதன்தான் அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன். டேட்டாபேஸின் பொது நினைவகம் 32 ஜிகாபைட் என்று எழுதியிருந்ததை 2 மெகாபைட்டால் வகுத்து 16,384 என்று துல்லியமாக எழுதினான். ஆனால் டேட்டாபேஸ் அந்த 32 ஜிகாபைட்டோடு தன் சொந்தக் கணக்கு வழக்குகளுக்கும் கொஞ்சம் இடம் சேர்த்து மொத்தமாகக் கேட்கும். கேட்டது கொஞ்சம் கூடுதல், ஒதுக்கியது கொஞ்சம் குறைவு. பாதி அங்கே பாதி இங்கே என்று அது வாங்காது. பெரிய பக்கத்தில் இடமில்லை என்றதும், சத்தமில்லாமல் பழைய சின்னப் பக்கத்துக்கே போய்விட்டது. ஒதுக்கிய 32 ஜிகாபைட் ஒருவருக்கும் உதவாமல் பூட்டிக் கிடக்க, மீதி 32 ஜிகாபைட்டுக்குள் டேட்டாபேஸ், மற்ற புரோகிராம், அட்டவணை எல்லாம் நெருக்கியடித்தன. சின்னப் பக்கங்கள் தொடத் தொடத்தான் நிரம்பும். அதனால்தான் காலையில் தெரியவில்லை, மத்தியானம் கழுத்தைப் பிடித்தது.

அவன் இதைச் சொல்லி முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம். "சிரிக்காதீங்க மாமா, திங்கக்கிழமை மேனேஜர் கிட்ட நான்தான் பதில் சொல்லணும்."

"அதுக்கு இல்லடா. பட்ஜெட்டில் ஒரு தலைப்பில் ஒதுக்கின பணம் தேவைக்குப் பத்து ரூபாய் குறைவு என்றால் பில் பாஸாகாது. பணம் மார்ச் 31 வரை அப்படியே கிடக்கும், வேறு தலைப்பில் சம்பளம் போட முடியாமல் நாங்கள் திண்டாடுவோம். ஒதுக்கீடு குறைந்தால் பாதிதானே லாபம் போகும் என்று நினைக்காதே. முழு லாபமும் போகும், முதலும் முடங்கும். எங்கள் சூப்பரிண்டெண்ட் எஸ்டிமேட்டில் கொஞ்சம் கூடவே போடச் சொல்வார்."

அன்று இரவே சில நூறு பக்கம் கூட எழுதி மறுபடி கிளப்பினான். டேட்டாபேஸ் பெரிய பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஒதுக்கியதில் எத்தனை காலி, எத்தனை உபயோகத்தில் என்று கர்னல் ஒரு பட்டியல் கொடுக்கிறது. முந்தின இரவு அதை ஒரு தரம் பார்த்திருந்தால் முழுவதும் காலி என்று தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் சில டேட்டாபேஸ்கள் கிளம்பும் முன்பே 'எனக்கு இத்தனை பெரிய பக்கம் வேண்டும்' என்று எண்ணையே சொல்லிவிடுகின்றன. போஸ்ட்கிரெஸ் 2022ல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து அப்படிச் சொல்கிறது. வகுத்துப் பார்த்து எழுதுகிற வேலை மிச்சம்.

மூல விதியை மாற்றும் துணிச்சலும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஆப்பிள் தன் சொந்தப் பிராசசர் போட்ட மேக் கம்ப்யூட்டர்களில் பக்கத்தை 16 கிலோபைட் ஆக்கியது. 2024ல் வந்த ஆண்ட்ராய்டு 15 அதே அளவுக்கு இடம் கொடுத்திருக்கிறது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ரெட் ஹேட் தன் ஆர்ம் பிராசசர் லினக்ஸில் 64 கிலோபைட் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, 2022ல் வந்த 9ஆம் பதிப்பில் பழையபடி 4 கிலோபைட்டுக்கே திரும்பியது. மான்செஸ்டரில் தொடங்கிய பேரம் இன்னும் படியவில்லை.

நான் ரெக்கார்டு ரூமில் இருந்தபோது, புதுப் பதிவேடு தைக்கக் கொடுக்கும் முன் எத்தனை ஏடு என்று பெரியவர்கள் பத்து நிமிஷம் யோசிப்பார்கள். அதற்கு என்ன இவ்வளவு யோசனை என்று அப்போது எனக்குள் சலித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மருமகன் போன் செய்தான். புது சர்வர் வந்திருக்கிறதாம், 256 ஜிகாபைட். "இந்தத் தரம் எவ்வளவு எழுதலாம் மாமா?" என்று விளையாட்டாகக் கேட்டான். "முதலில் அதற்கு எவ்வளவு வேண்டுமென்று அதையே கேள். எழுதின பிறகு பட்டியலைப் பார். அப்புறம் போய்த் தூங்கு" என்றேன்.